எம்ஜிபிக்கு எது முதலில்: ஓவர்டிரைவா, ஐந்தாவது கியரா, எல்எஸ்டியா?

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் தேய்ந்துவிட்டால் அதை மாற்றுவது அரை நாள் வேலை இல்லை. கியர்பாக்ஸைத் தனியாகக் கீழ்வழியே இறக்க முடியாத அமைப்பு அது. எஞ்சினையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். அப்படித் தூக்கி ஸ்டாண்டில் வைத்த அன்றுதான் பலருக்கும் ஆசை பிறக்கிறது. எப்படியும் பிரித்தாகிவிட்டது, பழைய நாலு கியர் பாக்ஸையே திரும்ப ஏற்றுவானேன்? நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுற்றைக் குறைக்கும் துணைக் கியரான ஓவர்டிரைவ் உள்ள பாக்ஸாகப் போட்டால் என்ன? ஐந்து கியர் பாக்ஸ் கிட் வாங்கினால் என்ன? கையோடு பின் ஆக்ஸிலையும் திறந்து ஒரு சக்கரம் நழுவினாலும் மற்றதற்கு இழுவை போகச் செய்யும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (எல்எஸ்டி) வைத்தால் என்ன?

மூன்றும் செலவு வைக்கும் வேலைகள். மூன்றையும் ஒரே குளிர்காலத்தில் முடிப்பவர்கள் குறைவு. ஆகவே எது முதலில் என்பதுதான் கேள்வி. என் பதிலை முன்பே சொல்லிவிடுகிறேன்: 1967 கடைசிக்குப் பிறகு வந்த கார் என்றால் ஓவர்டிரைவ், அதற்கு முந்தைய கார் என்றால் பெரும்பாலும் ஐந்து கியர், எல்எஸ்டி இரண்டுக்கும் பின்னால்; காரைப் பந்தயத்துக்கோ மலையேற்றப் போட்டிக்கோ கொண்டுபோகிறவருக்கு மட்டும் அது முதலில். ஏன் இப்படி என்பதை விவரமாகப் பார்க்கலாம்.

முதலில் கார். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது எம்ஜிபி. 1798 சிசி, நான்கு சிலிண்டர், பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின். நம் ஊர் அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். அம்பாசடர் பானட்டுக்குள் கைவிட்டுப் பழகிய மெக்கானிக்குக்கு எம்ஜிபி எஞ்சின் ஒன்றும் அந்நியமாகத் தெரியாது. நீள ஸ்ட்ரோக் எஞ்சின். கீழ் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) நன்றாக இழுக்கும், மேலே போகப் போக முனகும்.

அந்த முனகல்தான் விஷயமே. பின் ஆக்ஸிலின் விகிதம் 3.909; அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.909 முறை சுற்ற வேண்டும். நாலாவது கியரில் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் கார் மணிக்கு சுமார் 29 கிலோமீட்டர் போகும். இங்கிலாந்து மோட்டார்வேயின் வேக வரம்பு 70 மைல், அதாவது 112 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எஞ்சின் 3900 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது. 88.9 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கை வைத்துக் கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு பதினொன்றரை மீட்டர். எஞ்சின் அதைத் தாங்கும், உடைந்துவிடாது. ஆனால் துணிக்கூரை போட்ட காரில் இரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தோடு உட்கார்ந்திருப்பது ஓட்டுகிறவரின் பொறுமைக்கு வைக்கும் சோதனை. எம்ஜிபியை விற்றுவிட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். வளைவில் பின் சக்கரம் வழுக்கியது என்று குறைபட்டவர் அரிது. நெடுஞ்சாலையில் காது போனது என்பவர்கள்தான் அதிகம்.

ஓவர்டிரைவ்: அந்தக் காலமே தந்த மருந்து

இந்தக் குறை தயாரிப்பாளருக்கும் தெரியும். அதனால்தான் தொடக்கக் காலத்திலேயே ஓவர்டிரைவைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தார்கள். 1975 நடுவில் பிரிட்டிஷ் சந்தைக் கார்களில் அது கூடவே வரத் தொடங்கியது. அமெரிக்காவுக்குப் போனவற்றில் கடைசிவரை கேட்டு வாங்கினால்தான் உண்டு. உற்பத்தியில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குத்தான் போனது என்பதால், ஓவர்டிரைவ் இல்லாத எம்ஜிபிகள் இன்றும் ஏராளம்.

எட்கர் டி நார்மன்வில் வடிவமைத்து லேகாக் நிறுவனம் ஷெஃபீல்டில் செய்த அந்த ஓவர்டிரைவ், கியர்பாக்ஸின் வால்பகுதியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு சின்னக் கியர்பாக்ஸ். உள்ளே நடுவில் சன் கியர், அதைச் சுற்றிப் பிளானட் கியர்கள், வெளியே ரிங் கியர். சாதாரண ஓட்டத்தில் ஒரு கூம்பு வடிவக் கிளட்ச் ஸ்பிரிங் அழுத்தத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி வைத்திருக்கும். மொத்தமும் ஒரே துண்டாகச் சுற்றும். ஸ்விட்சைத் தட்டினால் சோலினாய்டு (மின்காந்த ஸ்விட்ச்) ஒரு வால்வை இயக்கும். ஆயில் அழுத்தம் அந்தக் கூம்பை எதிர்ப்பக்கம் தள்ளி நிலையான பிரேக் வளையத்தில் அழுத்தும். சன் கியர் நின்றுபோகும். பிளானட்டுகள் அதன்மேல் உருண்டு ரிங் கியரை வேகமாகச் சுற்ற வைக்கும். பாதை மாறும் அந்த நொடியிலும் இழுவை அறுந்துபோகாமல் இருக்க ஒருவழி ரோலர் கிளட்ச் ஒன்று உண்டு. அதனால் கிளட்ச் பெடலை மிதிக்காமலே மாற்றலாம். விரல் நுனியில் வேலை முடிந்துவிடும்.

1967 வரை வந்தது டி-டைப், விகிதம் 0.802. அதன் பிறகு எல்எச்-டைப், விகிதம் 0.82. பின்னதை வைத்துப் பார்த்தால் 70 மைல் வேகத்தில் 3900 ஆர்பிஎம் 3200 ஆகக் குறைகிறது. எழுநூறு சுற்று என்பது காகிதத்தில் சின்னதாகத் தெரியும். காரில் அது பேச்சு காதில் விழுவதற்கும் விழாததற்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு நயமும் உண்டு. 1977 மாடலுக்கு முந்தைய கார்களில் ஓவர்டிரைவ் மூன்றாவது கியரிலும் வேலை செய்யும். மூன்றாவதின் விகிதம் 1.38, அதை 0.82-ஆல் பெருக்கினால் 1.13. ஆக மொத்தம் முன்னோக்கி ஆறு கியர்: 3.44, 2.17, 1.38, 1.13, 1.00, 0.82. கிராமப்புறச் சாலையில் மூன்றாவதில் போட்டுவிட்டு, ஸ்விட்சை மட்டும் மேலும் கீழும் தட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டலாம். இந்தச் சுகத்தை எந்த ஐந்து கியர் பாக்ஸும் தராது. என்னைக் கேட்டால் ஓவர்டிரைவின் பக்கம் நிற்க இது ஒன்றே போதும்.

உங்கள் காரில் ஓவர்டிரைவ் ஏற்கெனவே இருந்து, வேலை செய்யாமல் கிடக்கிறது என்றால் தயவுசெய்து எதையும் வாங்காதீர்கள். பத்தில் பல நேரம் கோளாறு மின்சாரத்தில்தான் இருக்கும். ஸ்விட்சிலிருந்து கரண்ட் கியர்பாக்ஸின் மேலுள்ள தடுப்பு ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து சோலினாய்டுக்குப் போகிறது. அந்தத் தடுப்பு ஸ்விட்சு ஏன் என்றால், ரிவர்ஸ் கியரில் ஓவர்டிரைவ் பிடித்துவிட்டால் ஒருவழி கிளட்ச் நொறுங்கிவிடும். வழியிலுள்ள புல்லட் கனெக்டர்களில் ஐம்பது வருடத் துரு. இக்னிஷனைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், நாலாவது கியரில் வைத்து ஸ்விட்சைத் தட்டுங்கள். கீழே 'டிக்' என்று கேட்க வேண்டும். எல்எச்-டைப்பில் அது மெல்லத்தான் கேட்கும். அமைதியான இடத்தில் காது கொடுத்துக் கேளுங்கள். டிக் கேட்கவில்லை என்றால் வயரைத் தேடுங்கள். டிக் கேட்டும் பிடிக்கவில்லை என்றால் ஆயில் அளவு, அடியிலுள்ள ஃபில்டர், வால்வு என்ற வரிசையில் பாருங்கள். டி-டைப்பில் சோலினாய்டுக்கு இரண்டு சுருள்: இழுக்க ஒன்று, பிடித்து வைக்க ஒன்று. லிவர் சரியாக அமைக்கப்படாவிட்டால் இழுப்புச் சுருளுக்குக் கரண்ட் நிற்காமல் ஓடி, புகைந்துபோகும். இவை எல்லாம் எஞ்சினை இறக்காமலே பார்க்கக்கூடிய வேலைகள்.

ஆயில் விஷயத்தில் ஒரு வார்த்தை. கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான் வழக்கம். உராய்வைக் குறைக்கும் என்று சொல்லி விற்கும் எந்தத் திரவத்தையும் இதில் ஊற்றக் கூடாது. கூம்புக் கிளட்ச் உராய்வை நம்பி வாழ்கிறது.

சரி, காரில் ஓவர்டிரைவே இல்லை என்றால்? இருக்கிற பாக்ஸின் பின்னால் ஓவர்டிரைவை மட்டும் வாங்கி மாட்ட முடியாது. மெயின் ஷாஃப்டே வேறு. முழு பாக்ஸாகத்தான் வாங்க வேண்டும். இங்கேதான் காரின் வருடம் முக்கியமாகிறது. 1967 கடைசியில் வந்த இரண்டாம் பதிப்பான மார்க் டூவில் நான்கு கியருக்கும் சின்க்ரோ (கியர் உராயாமல் மாற உதவும் அமைப்பு) வந்தது. அந்தத் தலைமுறையில் ஓவர்டிரைவ் உள்ள பாக்ஸும் இல்லாத பாக்ஸும் ஒரே நீளம். இருந்த இடத்தில் போய் உட்காரும், புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தொட வேண்டாம். வயரிங்கும் ஸ்பீடோமீட்டரும்தான் கூடுதல் வேலை. பார்வைக்குக் கார் அப்படியே இருக்கும். நாளைக்கு விற்கப் போனாலும் வாங்குபவர் முகம் சுளிக்க மாட்டார், மாறாகக் கொஞ்சம் கூடவே கொடுப்பார்.

மார்க் ஒன் வைத்திருப்பவருக்கு இந்த வழி கரடுமுரடு. அவர் காரில் இருப்பது முதல் கியருக்குச் சின்க்ரோ இல்லாத மூன்று சின்க்ரோ பாக்ஸ். பின்னால் வந்த நாலு சின்க்ரோ பாக்ஸ் பருமன் கூடியது. அதற்காகவே மார்க் டூவில் தரையின் நடுச் சுரங்கத்தை அகலப்படுத்தினார்கள். எஞ்சினின் பின்தட்டும் ஃப்ளைவீலும் வேறு. ஆக, மார்க் ஒன்னுக்குப் பொருந்தும் டி-டைப் பாக்ஸைத்தான் தேட வேண்டும். கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அதைச் செப்பனிட வேண்டிய செலவைச் சேர்த்தால் ஐந்து கியர் கிட்டின் விலையை எட்டிப் பார்க்கும்.

ஐந்தாவது கியர்: எந்த பாக்ஸ் என்பதே பாதி முடிவு

எம்ஜிபிக்கு ஐந்து கியர் என்றால் இரண்டு குடும்பங்கள்தான் பெரிதும் பேசப்படுகின்றன. ஒன்று, 1980-களில் ஃபோர்டு சியராவில் வந்த டைப் 9. மற்றொன்று, மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பாக்ஸ். இரண்டுக்கும் பி-சீரிஸ் எஞ்சினோடு சேர்க்கும் பெல் ஹவுசிங், குறுக்குச் சட்டம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் அடங்கிய கிட்கள் உண்டு.

வலிமையைப் பற்றிக் கவலை வேண்டாம். எம்ஜிபி எஞ்சினின் உச்ச டார்க் (சுழற்று விசை) சுமார் 149 நியூட்டன் மீட்டர். டைப் 9 பாக்ஸை ஃபோர்டு 2.8 லிட்டர் வி6 கேப்ரியில் வைத்தே விற்றது. பார்க்க வேண்டியது விகிதங்களை. விளம்பரங்களில் ஐந்தாவது கியரை மட்டும் பெரிதாகப் போடுவார்கள்: டைப் 9-இல் 0.82 பக்கம், எம்எக்ஸ்-5-இல் 0.814. இரண்டும் ஓவர்டிரைவுக்குச் சமம். மோட்டார்வேயில் எதுவானாலும் அதே 3200 ஆர்பிஎம்தான். வித்தியாசம் இருப்பது முதல் இரண்டு கியரில்.

நாலு சிலிண்டர் சியராவின் டைப் 9-இல் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது எஞ்சின் வேகம் 46 சதவீதம் விழுகிறது. எம்ஜிபியின் சொந்தப் பாக்ஸில் 3.44-லிருந்து 2.17-க்கு வந்தால் விழுவது 37 சதவீதம்தான். அதாவது டைப் 9 போட்ட காரில் முதல் கியர் 'விர்ர்' என்று முடிந்துபோய், இரண்டாவதில் எஞ்சின் திடீரென்று சோம்பிவிடும். மேட்டில் இது நன்றாகவே உறைக்கும். இந்தக் குறைக்காகவே நீளமான முதல் கியர் செட் தனியாக விற்கிறார்கள். வாங்குவதானால் பாக்ஸ் திறந்திருக்கும்போதே போட்டுவிட வேண்டும், பிறகு ஏங்கக் கூடாது.

எம்எக்ஸ்-5 பாக்ஸின் விகிதங்கள் 3.136, 1.888, 1.330, 1.000, 0.814. ஒன்றிலிருந்து இரண்டுக்கு 40 சதவீத இறக்கம், ஏறக்குறைய எம்ஜிபியின் பழைய இயல்பு. லிவரின் அசைவு சின்னது, சுத்தமானது. கியர் மாற்றுவதே ஒரு இன்பம் என்று நினைக்கிறவருக்கு இந்த பாக்ஸ் வரம். ஆனால் முதல் கியர் நீளம். 3.909 ஆக்ஸிலோடு பெருக்கினால் மொத்த விகிதம் 12.3; சொந்தப் பாக்ஸில் அது 13.4, டைப் 9-இல் 14.3. செங்குத்தான மேட்டில் கிளம்பும்போது கிளட்சைக் கொஞ்சம் அதிகம் நழுவவிட வேண்டியிருக்கும். சமதளத்தில் ஓட்டுபவருக்கு இது கவனத்துக்கே வராது.

நான் தேர்ந்தெடுப்பதானால் எம்எக்ஸ்-5 பாக்ஸைத்தான் தேர்ந்தெடுப்பேன். டைப் 9-ஐ எடுப்பவருக்கு ஒரு நியாயம் உண்டு: ஃபோர்டு பழைய கார் உலகில் அந்த பாக்ஸை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த கைகள் நிறைய, உதிரிபாகமும் தட்டில்லை.

ஐந்து கியருக்கு எதிராகச் சொல்ல வேண்டியது, அது காரின் உடம்பில் ஒட்டுப்போடும் வேலை என்பது. பழைய பாக்ஸைக் கொட்டகையில் பத்திரமாக வைத்துக்கொண்டால் திரும்பிப் போகலாம். சுரங்கத் தகட்டை வெட்ட வைக்கும் கிட்டாக இருந்தால் அந்த வழியும் அடைந்துவிடும். ஆகவே வாங்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எங்காவது வெட்ட வேண்டுமா?' என்பது. இரண்டாவது, லிவர் பழைய துவாரத்தின் வழியே வருமா. மூன்றாவது, கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (கிளட்சை விலக்கும் ஹைட்ராலிக் உருளை) வெளியே இருக்குமா, பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயா. உள்ளே இருந்தால், பத்து ரூபாய் சீல் ஒன்று ஒழுகினாலும் எஞ்சினைத் தூக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தைச் சொல்லிவிடுவது புத்திசாலித்தனம். பழைய கார்ப் பந்தயத்துக்கு எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) தரும் ஆவணம் வாங்கும் எண்ணம் இருந்தால் ஐந்து கியரை மறந்துவிடுங்கள். அங்கே காரின் காலத்துப் பாகங்களுக்குத்தான் இடம்.

ஆக்ஸில் விகிதத்தை மட்டும் மாற்றினால்?

மலிவான குறுக்குவழி போலத் தோன்றும். எம்ஜிபி ஜிடி வி8 காரின் ஆக்ஸில் விகிதம் 3.07. அதைப் போட்டால் 70 மைலில் ஆர்பிஎம் 3100 பக்கம் இறங்கும், கியர்பாக்ஸைத் தொடாமலே. ஆனால் அந்த வி8 எஞ்சின் 3.5 லிட்டர். 1.8 லிட்டர் காரில் எல்லாக் கியரும் ஒரேயடியாக நீண்டுபோகும்; முதல் கியரின் மொத்த விகிதம் 10.6 ஆகிவிடும். நகர நெரிசலில் கிளட்ச் பாவம். இன்னொன்று, ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும். முள் 60 என்று சொல்ல, கார் 76-இல் போகும். காமிரா அபராதம் வீட்டுக்கு வரும். எஞ்சினை நன்றாகப் பலப்படுத்தியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இது வேண்டாம்.

எல்எஸ்டி: யாருக்கு வேலை, யாருக்கு அலங்காரம்

சாதாரண டிஃபரன்ஷியல், வளைவில் வெளிச் சக்கரம் கூடுதலாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுற்ற வழிவிடுகிறது. அதற்கு அது கொடுக்கும் விலை, இரண்டு பக்கமும் எப்போதும் சம அளவு டார்க். ஒரு சக்கரம் ஈர இலையின்மேல் நின்று 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்றால், நல்ல தாரில் நிற்கும் மற்றதற்கும் அதே 100-தான் போகும். எஞ்சினில் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. நழுவுகிற சக்கரம் வீணாகச் சுழலும்.

இதற்கான தீர்வுகளில் எம்ஜிபிக்காரர் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது பிளேட் வகை. டிஃபரன்ஷியலின் கூண்டான கேஜுக்குள் உராய்வுத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, சரிவான பரப்புகள் விலகித் தட்டுகளை இறுக்கும். சரிவின் கோணத்தையும் முன்னழுத்தத்தையும் மாற்றி, எவ்வளவு இறுக வேண்டும் என்பதை நாமே அமைக்கலாம். பந்தயக்காரர்கள் இதை விரும்புவது இதனால்தான். ஒரு சக்கரம் காற்றில் தூக்கிவிட்டாலும் முன்னழுத்தம் இருப்பதால் மற்றது இழுக்கும். குறை: தட்டுகள் தேயும், அவ்வப்போது பிரித்து அடுக்க வேண்டும், இதற்கென்ற ஆயில் வேண்டும், வண்டி நிறுத்துமிடத்தில் திருப்பும்போது பின்னாலிருந்து 'கட கட' என்று முனகும்.

இரண்டாவது ஹெலிக்கல் கியர் வகை. அமெரிக்கர் வெர்னன் கிளீஸ்மனின் டார்சனும் இங்கிலாந்துக் குவைஃப் நிறுவனத்தின் ஏடிபியும் இந்த இனம். இதில் தேயும் தட்டுகள் இல்லை. சாய்ந்த பல் கொண்ட கியர்கள் சுமை ஏறும்போது தங்கள் கூண்டின் சுவரில் அழுந்தி, பிடி குறைந்த சக்கரத்துக்குப் போகும் டார்க்கைப் போல் பல மடங்கு மற்றதற்கு அனுப்பும். அந்த மடங்கு 3 என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன ஈர இலையில் 100 போகும்போது மறுபக்கம் 300 வரை போகும். சத்தமில்லை, பராமரிப்பு இல்லை, சாதாரண ஆயிலே போதும். ஆனால் ஒரு சக்கரம் முழுக்கக் காற்றில் தூக்கிவிட்டால் இது கைவிரித்துவிடும். பூஜ்ஜியத்தின் மும்மடங்கும் பூஜ்ஜியம்தானே. சாலைக் காருக்கு ஹெலிக்கல், பந்தயத்துக்குப் பிளேட் என்ற பொதுவிதி சரியே.

(விஸ்கஸ் வகை ஒன்று உண்டு, முதல் எம்எக்ஸ்-5 கார்களில் வந்தது. மாஸ்டாவே 1990-களின் நடுவில் அதைவிட்டு டார்சனுக்குப் போய்விட்டது. நாமும் விட்டுவிடலாம்.)

இப்போது எம்ஜிபிக்கு வருவோம். முதல் கியரில் முழு டார்க்கில் பின் ஆக்ஸிலுக்கு வருவது கணக்குப்படி சுமார் 2000 நியூட்டன் மீட்டர். இரண்டாவதில் 1260. மூன்றாவதில் 800. இடையில் தேய்மானமாகப் போவதைக் கழித்தால் இன்னும் குறைவு. இருவர் உட்கார்ந்த காரில், காய்ந்த சாலையில், நல்ல டயர் இருந்தால், இரண்டாவது கியரின் இழுவையை நேர்ச் சாலையில் பின் சக்கரங்கள் சிரமமின்றித் தாங்கும். மூன்றாவதில் கேள்வியே இல்லை. எல்எஸ்டி வேலை காட்டுவதற்கு முதல் கியர் வேண்டும், அல்லது இறுக்கமான வளைவில் உட்சக்கரம் சுமை இழக்க வேண்டும், அல்லது மழை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கிராமத்து உணவகத்துக்குப் போய்வரும் எம்ஜிபி அந்த நிலைக்கு வருடத்தில் எத்தனை முறை போகும்? வந்த நிலையிலேயே உள்ள 95 குதிரைத்திறன் எஞ்சினுக்கு எல்எஸ்டி என்பது உரிமையாளர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எழுத்துகள், அவ்வளவுதான்.

மலையேற்றப் போட்டிக்குப் போகிறவர் கதை வேறு. நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் பாய வேண்டும், அடுத்த நொடி கொண்டை ஊசி வளைவு. அங்கே உட்சக்கரம் புகைந்துகொண்டிருந்தால் நேரம் கரையும். எஞ்சினை 130, 140 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோனவருக்கும் அதே. அவர்களுக்கு எல்எஸ்டி முதலில், ஐந்தாவது கியர் பிறகு. போட்டித் தடத்தில் ஐந்தாவதைத் தொடவே வாய்ப்பு வராமல் போகலாம்.

அவர்களும் எல்எஸ்டிக்கு முன் சஸ்பென்ஷனைப் பார்த்துவிட வேண்டும். எம்ஜிபியின் பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங்கில் தொங்கும் கனமான ஆக்ஸில். தளர்ந்த ஸ்பிரிங்கும் ஓய்ந்துபோன லிவர் டாம்பரும் இருந்தால், கிளம்பும்போது ஆக்ஸிலே துள்ளும். அதற்குள் எல்எஸ்டி வைத்தால் துள்ளல் கூடும். முன்பக்க ஆன்டி-ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டு) கொஞ்சம் தடிப்பாக்கினாலே வளைவில் பின் உட்சக்கரத்தின் பிடி கூடுவதுண்டு. பின்னால் தடித்த பார் போட்டால் நேர்மாறாக அந்தச் சக்கரம் மேலும் தூக்கும். சில நேரம் எல்எஸ்டி தேவை என்று நினைக்க வைத்ததே தப்பான ஆன்டி-ரோல் பாராக இருக்கும்.

பொருத்தும் சிரமமும் வருடத்தைப் பொறுத்தது. 1967 வரை ரோட்ஸ்டரில் (திறந்த கூரைக் கார்) வந்தது பாஞ்சோ ஆக்ஸில். ஹாஃப் ஷாஃப்டுகளை இழுத்துவிட்டால், டிஃபரன்ஷியல் முழுதும் முன்பக்கமாகக் கழன்று வரும். மேசையில் வைத்தே பேக்லாஷ் (பற்களுக்கிடையே உள்ள இடைவெளி) பார்த்து ஷிம் (மெல்லிய தகடு) போடலாம். ஜிடியிலும் (நிலையான கூரை உள்ள எம்ஜிபி) பின்னால் வந்த ரோட்ஸ்டரிலும் சால்ஸ்பரி வகைக் குழாய் ஆக்ஸில். கேஜை எடுக்கவே ஹவுசிங்கை விரிக்கும் கருவி வேண்டும். கிரவுன்-பினியன் (ஆக்ஸிலின் முதன்மைக் கியர் ஜோடி) அமைப்பது தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய வேலை. அரைகுறையாகச் செய்தால் 50 மைல் வேகத்தில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் தொடங்கும், ஐந்தாவது கியரால் சம்பாதித்த அமைதியை அது தின்றுவிடும். வயர் வீல் காருக்கும் போல்ட் வீல் காருக்கும் ஆக்ஸில் வேறு என்பதையும் வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

எனவே வரிசை

மார்க் டூவோ அதற்குப் பிந்தியதோ, இருக்கிற பாக்ஸ் நன்றாக ஓடுகிறது என்றால் அவசரமே இல்லை. கிளட்ச் மாற்ற எஞ்சின் இறங்கும் நாள்வரை பொறுத்திருந்து, அதற்குள் ஒரு நல்ல ஓவர்டிரைவ் பாக்ஸைத் தேடிவைத்துக்கொள்ளுங்கள். மார்க் ஒன், மூன்று சின்க்ரோ பாக்ஸ் முதல் கியரில் ஓலமிடுகிறது என்றால் அதைச் செப்பனிடும் பணத்தை ஐந்து கியரில் போடுங்கள். அசல்தன்மையே உயிர் என்பவர் டி-டைப்பைத் தேடிப் போகட்டும், அவருக்கு நேரமும் பொறுமையும் இருக்கும். நாலு சின்க்ரோ பாக்ஸ் செத்தே போய்விட்டது, கையில் பணமும் இருக்கிறது, வாரா வாரம் மோட்டார்வேயில் தூரம் போகிறேன் என்பவருக்கு எம்எக்ஸ்-5 பாக்ஸ். அவரிடம்கூட ஓவர்டிரைவ் மூன்றாவது கியரில் தரும் சுகத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்வேன்.

பழைய ஓவர்டிரைவ் பாக்ஸ் வாங்கப் போகிறவர் கையில் 12 வோல்ட் பேட்டரியும் இரண்டு வயரும் கொண்டுபோகட்டும். சோலினாய்டுக்குக் கரண்ட் கொடுத்து டிக் கேட்கிறதா பாருங்கள். அடிமூடியைத் திறந்து ஃபில்டரைப் பார்க்க விற்பவர் அனுமதிக்க வேண்டும். கறுப்பாக மண்டிபோல் இருந்தால் அது கூம்பின் உராய்வுப் பூச்சு, வயதுக்கு இயல்பு. பளபளவென்று உலோகச் செதில் தெரிந்தால் அந்த பாக்ஸைச் செப்பனிடும் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டிரையம்ஃப் காரின் லேகாக்கைக் காட்டி 'எல்லாம் ஒன்றுதான்' என்பவரிடமிருந்து நடையைக் கட்டுங்கள். மெயின் ஷாஃப்டும் ஹவுசிங்கும் வேறு. எல்எச்-டைப்பில் கறுப்பு லேபிள், நீல லேபிள் என்று இரண்டு உண்டு, இரண்டின் ஸ்பீடோமீட்டர் டிரைவும் வேறு வேறு. எது என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ற ஸ்பீடோமீட்டரைக் கூடவே வாங்குங்கள், அல்லது இருப்பதை அளவு திருத்தக் கொடுங்கள். பாக்ஸ் ஏறிய முதல் ஓட்டத்தில் செல்போன் ஜிபிஎஸ்ஸை டாஷ்போர்டில் வைத்து, முள் காட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மோட்டார்வேயில் ஏற வேண்டும்.